பச்சை எண்ணெய்

கார் நின்ற இடத்தில் பனியின்மேல்
சின்னதாக ஒரு பச்சை வட்டம்.
முதல் நாள் காசளவு.
வாரக் கடைசியில் சாஸர் அளவு.
பூட்ஸ் நுனியால் பனியைத் தள்ளி மூடினேன்,
இமான்ட்ஸ் ஜன்னலுக்கு வருமுன்.
அவர் ஏற்கெனவே ஜன்னலில்தான் இருந்தார்.

லியபாயா துறைமுகத்தின் பின்புறம் ரைட்டிஸின் ஷெட்.
கதவைத் திறந்தால் பால்டிக் காற்றும் உள்ளே வந்து
கருவிகளைக் கலைத்துப் பார்க்கும்.
எங்கள் கிழட்டு ஆடியைத் தூக்கி நிறுத்தி
அடியில் டார்ச் அடித்தான்.
"ரேக் சீல் போச்சு, வெல்தா. பம்ப்பும் முனகுது.
சரிசெய்தால் நானூறு யூரோ.
பவர் ஸ்டீயரிங்கே வேண்டாமென்று கழற்றிவிட்டால் நூற்றுப் பத்து."
மொத்தக் காரே நானூறுக்குப் போகுமா, சந்தேகம்தான்.

கழற்றுவதிலும் இரண்டு தினுசாம்.
குழாய்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முடிந்துவிடுவது சோம்பேறி வழி:
ஒவ்வொரு திருப்பமும் சேற்றில் துடுப்புப் போடுவதுபோல் இருக்கும்.
ஒழுங்கான வழியில் ரேக்கைப் பிரிக்க வேண்டும்,
உள்சீலை வெட்டியெடுத்து
பினியனுக்குள் ஒளிந்திருக்கும் முறுக்குக் கம்பியை
வெல்டிங் வைத்து இறுக்க வேண்டும்.
"எதற்கு அந்தக் கம்பி?"
"எண்ணெய்க்குச் சேதி சொல்ல.
நீ திருப்பினால் அது ஒரு மயிரிழை முறுகும்.
அந்த மயிரிழையைப் பார்த்துத்தான்
எண்ணெய் ஓடிவந்து கைகொடுக்கும்."

இப்போதைக்குப் பெல்ட்டை மட்டும் கழற்றச் சொன்னேன்.
ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன்.

குல்டீகா சாலையில், எண்பது கிலோமீட்டர் வேகத்தில்,
சக்கரம் என் உள்ளங்கையில் பேசத் தொடங்கியது.
இங்கே பாலத்தின் மூட்டு, இங்கே உறைபனி உப்பிய தார்,
இங்கே யாரோ கொட்டிய சரளை.
இத்தனை வருடமும் இந்தச் சாலையோடு
கையுறை போட்டுக்கொண்டு கைகுலுக்கியிருக்கிறேன்.
பாட வேண்டும்போல இருந்தது. பாடவில்லை.

சனிக்கிழமை சந்தை வாசலில்
இரண்டு வேன்களுக்கு நடுவே காரை நுழைக்கப் போய்
மைனஸ் ஒன்பதில் வேர்த்து ஊற்றியது.
கருவாட்டுக் கடைப் பையன் கண்ணாடியைத் தட்டி
"நான் திருப்பட்டுமா?" என்றான்.
அவனை என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

"கழற்றிவிடு," என்றார் இமான்ட்ஸ் அன்றிரவு.
"ஓட்டுவது நீதானே."
பலகையில் அடித்த ஆணியில் உருளைக்கிழங்கைக் குத்திவைத்து
வலது கையால் தோல் சீவிக்கொண்டிருந்தார்.
இருபத்தாறு வருடம் துறைமுகக் கிரேனில்
விரல் நுனியால் கண்டெய்னர்களை நகர்த்தியவர்.
இடது கை மடியில் கிடந்தது,
யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளாக.
டாக்டர் ஏப்ரலில் பார்க்கலாம் என்றிருக்கிறார்:
ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ் பொருத்தினால், ஒற்றைக் கையால், ஒருவேளை.
அந்த ஒருவேளையை நானும் அவரும்
வீட்டுக்குள் சத்தமாகச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை கார் நகர்ந்திருக்கவில்லை.
ஆனால் முன்சக்கரங்களின் கீழே பனி
விசிறி வடிவத்தில் அரைபட்டுக் கிடந்தது,
இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம்,
பாதியிலேயே நின்றுபோய்.
வாசலிலிருந்து கார்க் கதவுவரை
ஒரு காலடி, ஓர் இழுப்பு, ஒரு காலடி, ஓர் இழுப்பு.
இரவு பெய்த புதுப்பனி அதை மூடப் பார்த்திருந்தது, என்னைப் போலவே.

நூற்றுப் பத்து யூரோவில்
எதையெல்லாம் சேர்த்துக் கழற்ற இருந்தேன்!
ரைட்டிஸின் ரசீதில் அதற்கு ஒரு வரி கிடையாது.

தேநீர் போட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும்.
பிறகு பின்கட்டில் நின்று போன் செய்தேன்.
"சரிசெய்."
"நானூறு, வெல்தா. கார் தாங்குமா?"
"அது என் கவலை."
கௌனாஸில் இடித்துப்போன காரிலிருந்து நல்ல ரேக் ஒன்று வருமாம்,
இரண்டு வாரம் ஆகும்.
அதுவரை நேராக வெளியே எடுக்கிற இடத்தில் நிறுத்து என்றான்.
"அந்தக் குமிழும் ஒன்று வேண்டும்" என்றேன்.
மறுமுனையில் காற்று மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
"பதினெட்டு யூரோ. ரசீதில் எழுதவா?"
வேண்டாம் என்றேன்.

சாலை மறுபடி கையுறை போட்டுக்கொள்ளும்.
போடட்டும்.
இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது எனக்கு.
நாளை குல்டீகாவில் ஒரு வேலையும் இல்லை,
போகிறேன்.